வேலூரில் நகைச்சுவைத் தொடர் எடுக்கிறீர்களா? டைட்டில் காட்சிக்கு ஒரு வழிகாட்டி

நகைச்சுவைத் தொடரைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர், இங்கே எந்த மாதிரிச் சிரிப்பு கிடைக்கும், இந்த ஆட்களோடு வாரா வாரம் உட்காரலாமா என்ற இரண்டையும் டைட்டில் ஓடி முடிவதற்குள் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறார். வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில், மருத்துவமனைக்கு வெளியூரிலிருந்து வருவோர் தங்கும் விடுதி வீடு ஒன்றைக் களமாக வைத்து யூடியூபுக்காக ஒரு சிறு தொடர் எடுத்தோம். கதை எழுதியதைவிட, இருபது விநாடி டைட்டிலுக்குத்தான் அதிகம் அலைந்தோம். எந்தத் தாளை யாரிடம் வாங்குவது, எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும் என்பதைத் தமிழில் ஒரே இடத்தில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் எங்கள் ஊரில் நாங்கள் கொடுத்தவை. உங்களுக்குச் சற்று ஏறலாம், இறங்கலாம்.

1. என்ன சிரிப்பு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

இதற்குச் செலவில்லை, ஆனால் இதை எழுதாமல் இசையமைப்பாளரிடமோ எடிட்டரிடமோ போகாதீர்கள். "நம் தொடரில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், அந்த ஆள் மேல் நமக்கு என்ன உணர்வு?" என்பதுதான் கேள்வி. எங்கள் வரி இது: "விடுதிக்காரம்மாவின் சட்டதிட்டங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், அவர் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை." இந்த வரி கையில் இருந்ததால் பல காட்சிகள் தாமாகவே கழிந்துவிட்டன. ஸ்கேன் உறை, சக்கர நாற்காலி, மருந்துக் கடை வரிசை எல்லாம் அந்தத் தெருவின் அன்றாடக் காட்சிகள்தாம், ஆனாலும் அவற்றைத் துள்ளலான இசையோடு காட்டினால் நோயாளியைக் கேலி செய்வதாகவே படும். "இரவு 10 மணிக்கு மேல் கேட் திறக்கப்படாது" என்று சாக்பீஸில் எழுதிய பலகையும், அதன் கீழே யாரோ வங்காள எழுத்தில் போட்டிருந்த பதிலும் நின்றன.

இங்கே பெரும்பாலோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. டைட்டிலிலேயே ஒரு ஜோக் வைத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஒரே ஜோக்கை ஒவ்வொரு பகுதியிலும் பார்க்கிறவருக்கு மூன்றாம் தடவை அது ஜோக்காக இருக்காது. மனநிலை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் தேயாமல் நிற்கும். 1994இல் தொடங்கிய 'பிரெண்ட்ஸ்' அமெரிக்கத் தொடரின் டைட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில், நீரூற்றின் முன்னால் கிடக்கும் சோபாவைச் சுற்றி ஆறு பேர் ஆடுகிறார்கள், தண்ணீரில் நனைகிறார்கள், பாட்டின் நடுவே கைதட்டல் வருகிறது. அதில் வேடிக்கையான வசனம் ஒன்றுமில்லை. இந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் விட மாட்டார்கள் என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. ஜோக்கை வைத்தே ஆக வேண்டும் என்றால் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் செய்ததைப் போல, கடைசியில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு அதைப் பகுதிக்குப் பகுதி மாற்றுங்கள். அந்த வேலை வாரா வாரம் உங்கள் தலையில் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

2. நீளத்தையும் தாளத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்

இணையத்தில் பார்ப்பவர் விரலைத் திரையின் மேலேயே வைத்திருக்கிறார். முதல் பகுதிக்கு 15 முதல் 20 விநாடி, அடுத்தடுத்த பகுதிகளுக்கு 5 விநாடிச் சுருக்கம் என இரண்டு வடிவம் போதும். சுருக்கம் என்றால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 'ஃப்ரேசியர்' தொடரின் டைட்டில், கறுப்புத் திரையில் சியாட்டில் நகரத்தின் கட்டடங்களைக் கோடாக வரைந்து சில ஜாஸ் சுரங்களோடு முடிந்துவிடும். படித்தவர்கள் வீட்டு அலட்டலைப் பற்றிய தொடர் என்பதை அந்த ஒற்றைக் கோடே சொல்லிவிடுகிறது.

தாளத்தின் வேகத்தை இசையமைப்பாளரிடம் முழுதும் விட்டுவிடாமல் ஒரு சிறு கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். நம் நாட்டில் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டரை பிரேம் வரும்; அரைப் பிரேமில் வெட்ட முடியாது என்பதால் ஷாட் மாறுவது தட்டிலிருந்து ஒன்று விட்டு ஒன்று சற்றே விலகும். 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 பிரேம். 125 தட்டு என்றால் 12 பிரேம். 100 தட்டு வேகத்தில் 32 தட்டுக்கு 19.2 விநாடி ஆகும். எங்கள் டைட்டில் அந்த அளவுதான். 100 என்பது நிதானமாக நடக்கிற வேகம், வீட்டுக் கதைக்குப் பொருந்தும். 125 கொஞ்சம் ஓட்டம். அலுவலகம், கல்லூரி விடுதி போன்ற களங்களுக்கு நன்றாக இருக்கும்.

3. இசைக்குத் தாள் எழுதிய பிறகு பணம் கொடுங்கள்

பணத்தைவிடத் தாள் முக்கியமாகிற இடம் இது. "தம்பி நம்ம பையன்தான், வாய்ப்பேச்சே போதும்" என்று தொடங்கும் வேலைகள், தொடர் கொஞ்சம் பார்வை பெற்றவுடன் எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும், தருபவரின் கையெழுத்தும் வேண்டும். அதில் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை காலம், எந்தெந்த நாடுகள், என்ன தொகை என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மலேசியாவிலும் வளைகுடாவிலும் ஆள் பார்க்கிற யூடியூபுக்கு "இந்தியா மட்டும்" போதாது. "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொல்லை மறக்காமல் எழுதுங்கள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. படப்பிடிப்பு தள்ளிப்போவது நமக்கு வழக்கம்தானே, அதனால் இதற்கு விலக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் தமக்கு வரவேண்டிய ராயல்டியை முழுதும் விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அது செல்லாது. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி ஒப்பந்தங்களில் அப்படி ஒரு பத்தி இன்னும் இருக்கிறது, அதை நகலெடுக்காதீர்கள்.

நாட்டுப்புற மெட்டை எடுத்தால் யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது பாதிதான் சரி. மெட்டு பொதுச் சொத்தாக இருக்கலாம். நீங்கள் கேட்ட ஒலிப்பதிவு இன்னொருவருடையது. அந்தப் பதிவை வெட்டி ஒட்டாமல் புதிதாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு மெட்டு, வாசிப்பு, பாடகர் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்பதைப் பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பில் வரும்போது முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

இசையின் குணத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வேடிக்கை என்றாலே "டொய்ங்" என்று ஒலி போடுவது வாசிப்பவரின் கைப்பழக்கம். பார்ப்பவர் சிரிக்கும் முன்னே நாமே சிரித்துக் காட்டுவதைப் போன்றது அது. எங்களுக்குக் கடமும் ஒரு பழைய ஆர்மோனியமும் போதுமாக இருந்தன.

4. இடமும் அனுமதியும்

வேலூர் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கோட்டை. அகழி, மதில், ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் என்று கேமராவுக்கு விருந்துதான். இருந்தும் வேண்டாம் என்பேன், காரணம் இரண்டு. கோட்டையைக் காட்டியவுடன் பார்ப்பவர் மனம் சரித்திரத் தொடருக்கோ சுற்றுலா விளம்பரத்துக்கோ தயாராகிவிடும். அடுத்த காட்சியில் விடுதிக்காரம்மா தண்ணீர் மோட்டாரை அணைக்கச் சொல்லிக் கத்தினால் ஒட்டாது. அடுத்தது, அது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். நீங்கள் கைப்பேசியில் குடும்பப் படம் எடுப்பது வேறு, தொடருக்காக எடுப்பது வேறு. பின்னதற்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். நாள் கணக்கில் கட்டும் அந்தக் கட்டணம், எங்களைப் போன்ற சிறு குழுவின் மொத்த டைட்டில் செலவையும் விழுங்கிவிடும். கேமரா முக்காலியை நிறுத்தியவுடன் காவலர் வந்து நிற்பார்; அவரிடம் வாதாடுவதில் பயனில்லை, அவர் தம் வேலையைச் செய்கிறார்.

காட்பாடி சந்திப்பின் நடைமேடை வேண்டுமென்றால் தென்னக ரயில்வேயிடம் அனுமதி பெற வேண்டும். பிளாட்பாரம் டிக்கெட் அதற்கு ஈடாகாது. நேதாஜி மார்க்கெட் போன்ற இடங்களுக்கு மாநகராட்சியிடம் கடிதம் கொடுங்கள். சாலையில் கேமராவை நிறுத்துவதற்கு அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும். ஒரு முறை ஓர் அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அடுத்து போனபோது அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். அதனால் எந்த அலுவலகத்தில் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் படியிறங்காதீர்கள். கடிதத்தில் கீழ்க்கண்டவை இருந்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்: படப்பிடிப்பு நாளும் நேரமும், வரும் ஆட்களின் எண்ணிக்கை, கருவிகளின் பட்டியல், போக்குவரத்தை நிறுத்த மாட்டோம் என்ற உறுதி, பொறுப்பாளரின் ஆதார் நகல், காட்சி என்ன என்பதைச் சொல்லும் ஒரு பத்தி.

தனியார் வீடு, கடை என்றால் உரிமையாளரின் கையெழுத்து போதும். அங்கே குடியிருப்பவர் வேறு, உரிமையாளர் வேறு என்றால் இருவரிடமும் வாங்குங்கள். முகம் தெளிவாகத் தெரியும் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் வேண்டும். எங்கள் தெருவில் தங்கியிருப்பவர்களில் பலர் மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள். தமிழில் எழுதிய தாளில் அவர்களிடம் கையெழுத்து வாங்குவது முறையில்லை என்பதால், விடுதியில் தங்கியிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் கொண்டு வங்காளத்தில் ஒரு பிரதி எழுதி வைத்தோம். நோயாளி என்று தெரிந்தவரை, அவரே சம்மதித்தாலும், நாங்கள் எடுக்கவில்லை.

குழந்தை நடித்தால் வேலை கூடும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும். அதற்குப் படிவம் சி என்ற உறுதிமொழியைக் கொடுக்க வேண்டும், அது ஆறு மாதம் செல்லும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக் கூடாது, இடையே ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். டைட்டிலில் இரண்டு விநாடி ஓடிப்போகிற சிறுவன்தானே என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வேலையில் எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்ந்த தாள் இதுதான், அதனால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு முதலில் போங்கள், இசைக்கு அப்புறம் போகலாம். எல்லா அனுமதிகளுக்கும் சேர்த்து ஆறு வாரம் ஒதுக்கினால் பதற்றமில்லை.

டிரோன் பற்றிக் கேட்பீர்கள். 2021 டிரோன் விதிகளின்படி மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையத் தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தாலும், வானத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் நகைச்சுவைத் தொடருக்கு என்ன வேலை? அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரின் டைட்டிலில் வரும் ஸ்க்ரான்டன் ஊர்க் காட்சிகள், அதில் நடித்த ஜான் கிராசின்ஸ்கி தாமே அந்த ஊருக்குப் போய் எடுத்து வந்தவை. ஒருவர் வண்டியில் போகிறபோது கண்ணில் பட்டதைப் போன்ற அந்தச் சாதாரணத்தன்மைதான், சலிப்பான ஓர் அலுவலகத்தின் கதைக்குள் நம்மை இழுத்து உட்காரவைக்கிறது.

5. எடுக்கும் நேரம்

நகைச்சுவைக்குக் கண் தெரிய வேண்டும். வேலூர் வெயிலில் உச்சி நேரத்தில் எடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், எல்லார் முகமும் கோபமாகவே விழும். கோடையில் காலை ஆறேகாலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கென்று ஒரு மாற்று நாளைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள், மறுபடியும் அனுமதிக்கு அலைய வேண்டாம்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் கவனிக்க: பல கைப்பேசிகள் 30 பிரேமில்தான் தாமாக எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் லாங்கு பஜார் கடைகளின் குழல்விளக்குகளும் எல்இடி பலகைகளும் படத்தில் துடிக்கும். 25 பிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு என்று கையால் அமைத்துக்கொண்டால் துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

6. தமிழ் எழுத்து

டைட்டிலின் குரல் பாதி எழுத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலோர் இதைக் கடைசி நாள் எடிட்டரிடம் தள்ளிவிடுகிறார்கள். கூகுள் எழுத்துருக்களில் திறந்த உரிமத்தோடு கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களை வணிகத் தொடருக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். பலூ தம்பி உருண்டு திரண்டு குழந்தைத்தனமாக இருக்கும். காட்டமரான் நேர்க்கோட்டு ஒழுங்கோடு நகரத்து அலுவலகம்போல் தெரியும். கவிவனார் கையால் எழுதியதைப் போல் சாய்ந்து நிற்கும். தொடரின் பெயரை மூன்றிலும் அடித்து, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, "இது என்ன மாதிரித் தொடர்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் மூன்று பதில் வரும். யாரோ கொடுத்த பழைய பாமினி வகை எழுத்துருவைத் தொடாதீர்கள். உரிமமும் தெரியாது, ஒருங்குறி (யூனிகோடு) மென்பொருளில் எழுத்தும் குழம்பும்.

அடுத்த பள்ளம் மென்பொருளில் இருக்கிறது. சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழை நேரடியாக ஒட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்; 'செல்வி' என்ற நடிகையின் பெயர் யாருக்கும் புரியாத ஒன்றாகிவிடும். பிரீமியர் ப்ரோவில் விருப்பத்தேர்வுகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்துவிட்டுப் புதிய எழுத்துப் பெட்டி திறந்தால் சரியாகும். எதிலும் சரிவரவில்லை என்றால், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை அமைத்து, பின்னணியில்லாத பிஎன்ஜி படமாக எடுத்துவந்து ஒட்டுங்கள். எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் தட்டச்சு விளைவையும் அப்படியே போடக் கூடாது. மென்பொருள் முதலில் 'ம' என்று காட்டிவிட்டு அப்புறம் புள்ளியைக் கொண்டுவந்து வைக்கும், பார்ப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு முறை வாசிப்பார். ஒவ்வொரு முழு எழுத்தையும் தனி அடுக்காகப் பிரித்து நகர்த்துவதே சரி.

நாங்கள் கடைசியில் கணினி எழுத்தையே விட்டுவிட்டு, பலகை எழுதும் பெரியவர் ஒருவரிடம் போனோம். ஒரு தகரத் தகட்டில் தொடரின் பெயரை எழுதித் தர 2,000 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. அவர் எழுதுவதை மேலிருந்து முழுதுமாகப் படம் எடுத்தோம். வரி முழுதையும் புள்ளியில்லாமல் எழுதி முடித்தார், தூரிகையைத் துடைத்தார், மறுபடியும் மஞ்சள் பெயின்டில் தோய்த்தார், பிறகு இடமிருந்து வலமாகப் போகிற போக்கில் புள்ளிகளை வைத்துக்கொண்டே போனார். எங்கள் டைட்டிலின் கடைசி நான்கு தட்டும் அந்த நான்கு புள்ளிகள்தான். இசையமைப்பாளர் அந்த இடத்தில் மற்ற வாத்தியங்களை எல்லாம் நிறுத்திக் கடத்தை மட்டும் விட்டார். விடுதிக்காரம்மாவின் பிடிவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒலி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

7. பெயர்கள்

பெயர்ப் பட்டியலை முதலெழுத்து, எழுத்துக்கூட்டல், வரிசை மூன்றோடும் தாளில் அச்சடித்து, ஒவ்வொருவரிடமும் "சரி" என்று கையெழுத்து வாங்குங்கள். ஒரு பெயர் குறைந்தது ஒன்றரை விநாடி நிற்க வேண்டும். திரையின் நாலு ஓரத்திலும் ஐந்து சதவீத இடத்தை விட்டு எழுதுங்கள், பழைய டிவிகளில் ஓரம் வெட்டுப்படும்.

8. வெளியிடும் முன் இரண்டு சோதனைகள்

முதலில் ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு வேறு நாலு பேருக்குப் படத்தை மறைத்து இசையை மட்டும் கேட்க விடுங்கள். இரு கூட்டமும் சொல்வது உங்கள் முதல் வரியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இசை மட்டும் கேட்டவர்கள் "கல்யாண வீடியோவா?" என்று கேட்டால் திரும்ப மூன்றாவது படிக்குப் போக வேண்டியதுதான்.

ஒலி அளவு யூடியூபுக்குச் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (LUFS, ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) இருக்கட்டும். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் தளமே இறக்கிவிடும். தொடக்கத்தில் கதாபாத்திரம் மெதுவாகப் பேசும் காட்சி இருந்தால், டைட்டிலை அதைவிட ஒரேயடியாக உரக்க வைக்காதீர்கள். இரவில் கைப்பேசியில் பார்ப்பவர் ஒலியைக் குறைக்கப் போய்த் தொடரையே மூடிவிடுவார்.

முடித்த கோப்பை எழுத்தோடு ஒன்று, எழுத்தில்லாமல் ஒன்று, இசை தனியாக ஒன்று என மூன்றாக எடிட்டரிடமிருந்து வாங்கி இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். கடைசித் தவணையை அந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். ஒரு நடிகர் நடுவில் விலகினாலோ புதியவர் ஒருவர் சேர்ந்தாலோ, எழுத்தில்லாத பிரதி இருந்தால் ஒரு மாலையில் பெயரை மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் பழைய எடிட்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேட வேண்டும்.